புடவையின் நிறம் எங்கே தொலைகிறது? படம் ஏற்றும் இடங்கள், ஓர் ஒப்பீடு

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது அண்ணி போன் செய்தார். “தம்பி, கோயம்புத்தூர் கஸ்டமர் புடவையைத் திருப்பி அனுப்பிட்டாங்க. படத்துல பாத்த கலர் ஒண்ணு, கைக்கு வந்த கலர் ஒண்ணாம். அது நீங்க எடுத்த படந்தானே?”

நான் எடுத்த படம்தான். மயிலாப்பூர் வீட்டு மொட்டை மாடியில், காலை எட்டு மணிக்கு, நேர் வெயில் விழாத மூலையில் விரித்து வைத்து எடுத்த காஞ்சிபுரம் மயில்கழுத்துப் புடவை. புடவையைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு திரையில் நிறத்தைச் சரிபார்த்திருந்தேன். ஆனால் அண்ணியின் கடைத் தளத்தைத் திறந்து பார்த்தால், பட்டியலில் அதே புடவை பலமுறை துவைத்த நூல் சேலை மாதிரி வெளிறிக் கிடந்தது. வாங்கியவர் அந்த அடங்கிய நிறத்தைப் பார்த்து ஆசைப்பட்டுத்தான் பணம் கட்டியிருக்கிறார். பெட்டியைப் பிரித்ததும் பளீரென்ற நீலப்பச்சை வந்தால் யாருக்கும் கோபம் வரும்.

ஒரே ஒரு விஷயம் துப்புக் கொடுத்தது. பட்டியலில் வெளிறியிருந்த படத்தைத் தொட்டுப் பெரிதாக்கினால் நிறம் சரியாக இருந்தது. அதே படம், அதே தளம், அதே திரை. சின்னதில் ஒரு நிறம், பெரியதில் ஒரு நிறம். அப்படியென்றால் தவறு கேமராவில் இல்லை, திரையிலும் இல்லை. படத்தைச் சின்னதாக்கிய இடத்தில்தான் நிறம் கைநழுவியிருக்கிறது.

அந்தத் தளத்தை அமைத்துக் கொடுத்த நிறுவனத்தாரிடம் கேட்டபோது, “போட்டோகிராஃபர் மானிட்டரை கேலிபரேட் செய்யச் சொல்லுங்கள்” என்று பதில் வந்தது, அதாவது என் திரை காட்டும் நிறமே தப்பு என்று. எனக்கு அது வலித்தது. ஆனால் அதனால்தான் ஒவ்வொரு இடமும் படத்தை வாங்கிக்கொண்டு என்ன செய்கிறது என்று உட்கார்ந்து பார்த்தேன். புடவை, நகை, ஓவியம், பூ, சாப்பாடு என்று நிறத்தை நம்பி விற்கிற எவருக்கும் இந்த முடிவு எடுக்க வேண்டிய நாள் வரும். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எந்த ஊர்ப் படி?

ஊருக்கு ஊர் படியின் அளவு மாறிக்கொண்டிருந்த காலத்தில், ‘இரண்டு படி அரிசி’ என்றால் எந்த ஊர்ப் படி என்று கேட்டுக்கொள்வார்கள். படக் கோப்பும் அப்படித்தான். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள் இருக்கின்றன. 255 சிவப்பு என்றால் எவ்வளவு சிவப்பு? அதைச் சொல்லும் சீட்டுதான் கலர் ப்ரொஃபைல். படத்தோடு சேர்ந்து ஒரே கோப்புக்குள் பயணிக்கும் சின்னச் சீட்டு அது. அந்தச் சீட்டை எப்படி எழுத வேண்டும் என்று விதி வகுத்த ஐசிசி அமைப்பு 1993-இல் தொடங்கியது.

புழக்கத்தில் உள்ள படிகள் முக்கியமாக நான்கு. எஸ்ஆர்ஜிபி 1996-இல் எச்பியும் மைக்ரோசாஃப்ட்டும் சேர்ந்து முன்வைத்தது. 1999-இல் சர்வதேசத் தரமாயிற்று. சீட்டு இல்லாத படம் என்றால் உலகம் பொதுவாக அனுமானிப்பது இதைத்தான். அடோபி ஆர்ஜிபி 1998-இல் வந்தது. டிஎஸ்எல்ஆர் கேமராவின் மெனுவில் இரண்டாவது தேர்வாக இருப்பது அது. டிஸ்ப்ளே பி3 ஆப்பிள் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது. 2016-இல் வந்த ஐபோன் 7 முதல் ஐபோன்கள் எடுக்கும் படங்களில் இந்தச் சீட்டு இருக்கும். நான்காவது கோடாக் உருவாக்கிய ப்ரோஃபோட்டோ. மனிதக் கண்ணால் பார்க்கவே முடியாத எண்களுக்கும் இடம் விட்டிருக்கும் அளவுக்கு அது அகலமானது.

இப்போது எண்களைப் பாருங்கள். எஸ்ஆர்ஜிபியில் முழுச் சிவப்பு 255, 0, 0. அதே சிவப்பை அடோபி ஆர்ஜிபியில் எழுதினால் 219, 0, 0. டிஸ்ப்ளே பி3-இல் எழுதினால் 234, 51, 35. மூன்றும் ஒரே குங்குமச் சிவப்புதான், சீட்டு கூடவே இருக்கும்வரை. சீட்டைக் கழற்றிவிட்டு எண்களை மட்டும் வைத்துக்கொண்டால், பார்ப்பவரின் பிரவுசர் அவற்றை எஸ்ஆர்ஜிபி என்று எடுத்துக்கொள்ளும். முதலாவது குங்குமமாகவே இருக்கும். இரண்டாவது இருண்ட சிவப்பாகும். மூன்றாவதில் பச்சையும் நீலமும் கலந்துவிட்டதால் செங்கல் சாயல் ஏறும்.

நீலத்துக்கு இந்தத் தொல்லை குறைவு. எஸ்ஆர்ஜிபி, அடோபி ஆர்ஜிபி, பி3 மூன்றுக்கும் அடிப்படை நீலம் ஒன்றேதான். எஸ்ஆர்ஜிபியின் 255 நீலம் பி3-இல் 245 ஆகிறது, அவ்வளவுதான். எம்.எஸ். புளூ புடவைகளைப் பற்றி அண்ணிக்கு ஒரு புகாரும் வராததற்கு இது ஒரு காரணம் என்று நினைக்கிறேன். எஸ்ஆர்ஜிபிக்கும் அடோபி ஆர்ஜிபிக்கும் அடிப்படைச் சிவப்பும் ஒன்றே. வேறுபடுவது பச்சை மட்டும். அதனால் அடோபி ஆர்ஜிபி கூடுதலாகப் பிடிப்பதெல்லாம் பச்சையிலும் நீலப்பச்சையிலும்தான், அதாவது சரியாக மயில்கழுத்து இருக்கும் இடத்தில். பி3 பச்சையோடு சிவப்பு, ஆரஞ்சுப் பக்கமும் விரிகிறது. கோயம்பேட்டில் குவித்து வைத்த செண்டுமல்லியை ஐபோனில் எடுத்துப் பார்த்தவர்களுக்கு அது புரியும்.

சீட்டை என்ன செய்கிறார்கள்?

படத்தை வாங்கும் எந்த இடமும் மூன்றில் ஒன்றைத்தான் செய்கிறது. சீட்டை அப்படியே வைத்துக்கொள்ளலாம். சீட்டைப் படித்து, எண்களை எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றி எழுதலாம். அல்லது படிக்காமலேயே கிழித்துப் போடலாம். இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது நாம் பார்ப்பது எத்தனை ஜிபி, எவ்வளவு கட்டணம், தளம் அழகாக இருக்கிறதா என்பதைத்தான். நிறம் முக்கியமென்றால் முதலில் கேட்க வேண்டியது இந்தச் சீட்டைப் பற்றி.

ஏன் கிழிக்கிறார்கள்? முக்கியக் காரணம் எடை. பரவலாகப் புழங்கிய எச்பியின் எஸ்ஆர்ஜிபி ப்ரொஃபைல் 3144 பைட். பெரிய படத்துக்கு அது ஒன்றுமில்லை. ஆனால் 4 கேபி எடையுள்ள சின்னப் படம் ஒரே பக்கத்தில் நூறு இருந்தால், சீட்டுகளின் எடையே கிட்டத்தட்ட படங்களின் எடை அளவுக்கு வந்துவிடும். நான்கு மைகளில் அச்சடிப்பதற்கான சிஎம்ஒய்கே ப்ரொஃபைல் இன்னும் மோசம், 500 கேபியைத் தாண்டுவதும் உண்டு. இரண்டாவது காரணம் நியாயமானது. படத்தில் எடுத்த இடத்தின் முகவரி முதலான விவரங்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். அவற்றை அழிக்க வேண்டும். ஆனால் அழிக்கும்போது ஒரே துடைப்பத்தால் எல்லாவற்றையும் பெருக்கிவிடுகிறார்கள். பல சர்வர்களில் ஓடும் இமேஜ்மேஜிக் மென்பொருளில் ‘ஸ்ட்ரிப்’ என்ற கட்டளையைக் கொடுத்தால், ஜிபிஎஸ் விவரத்தோடு கலர் ப்ரொஃபைலும் போய்விடும். முதலில் எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றிவிட்டு அப்புறம் பெருக்கினால் ஒரு சேதமும் இல்லை. அந்த ஒரு வேலையை விட்டுவிடுவதுதான் தவறு.

இதைச் சரியாகச் செய்ய முடியும் என்பதற்கு ஃபேஸ்புக் உதாரணம். 2012-இல் அவர்கள் 524 பைட்டில் ஒரு குட்டி எஸ்ஆர்ஜிபி ப்ரொஃபைலைச் செய்துகொண்டார்கள். படத்தை எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றி, அந்தக் குட்டிச் சீட்டை ஒட்டி அனுப்பினார்கள். எடையும் குறைந்தது, நிறமும் நின்றது.

சொந்தத் தளம்: இங்கேதான் கவனம் தேவை

முன்னால் வைக்க வேண்டியது சொந்தத் தளத்தை. அண்ணியுடையது தளம் அமைக்கும் மென்பொருளான வேர்ட்பிரஸ்ஸில் ஓடுகிறது. சென்னையில் வீட்டிலிருந்தபடி புடவை விற்கும் பலருக்கும் தளம் அதில்தான் இருக்கிறது.

வேர்ட்பிரஸ்ஸில் ஒரு படத்தை ஏற்றினால், அது பல அளவுகளில் நகல்கள் எடுத்துக்கொள்ளும். பட்டியலில் தெரிவது நகல். பெரிதாக்கினால் பெரும்பாலும் நீங்கள் ஏற்றிய அசலே வரும். 2019-இல் வந்த 5.3 பதிப்பிலிருந்து, நீளமோ அகலமோ 2560 பிக்சலைத் தாண்டிய படத்துக்கு மட்டும் அந்த அளவுக்குச் சுருக்கிய நகல் ஒன்றைக் காட்டும். நகல் எடுக்கும் வேலையைச் செய்ய இரண்டு கருவிகள் உண்டு. ஒன்று இமேஜிக் (மேலே சொன்ன இமேஜ்மேஜிக்கைப் பயன்படுத்துவது), மற்றது ஜிடி. சர்வரில் இமேஜிக் இருந்தால் வேர்ட்பிரஸ் அதைத்தான் முதலில் எடுக்கும். இமேஜிக் வழியாகச் சுருக்கும்போது வேண்டாத விவரங்களை நீக்கினாலும், கலர் ப்ரொஃபைலை மட்டும் நீக்காமல் விட்டுவைக்க வேண்டும் என்று வேர்ட்பிரஸ் நிரலிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். இமேஜிக் இல்லாத சர்வரில் ஜிடி வேலை செய்யும். ஜிடி ப்ரொஃபைலைப் படிப்பதும் இல்லை, எழுதுவதும் இல்லை. எண்களை மட்டும் எடுத்துச் சின்னதாக்கிக் கொடுத்துவிடும்.

அண்ணியின் மயில்கழுத்துக்கு நடந்தது இதுதான். என் படம் அடோபி ஆர்ஜிபியில் இருந்தது. அசலில் சீட்டு இருந்தது, அதனால் பெரிதாக்கினால் நிறம் சரி. நகலில் சீட்டு இல்லை, அதனால் பட்டியலில் வெளிறல். அடோபி ஆர்ஜிபியில் ஏற்றியது என் தவறுதான், அதை மறைக்கவில்லை. ஆனால் சீட்டு ஒட்டிய படத்தை வாங்கிக்கொண்டு ஒரு சொல்கூடச் சொல்லாமல் கிழித்தது அந்த அமைப்பின் தவறு.

உங்கள் தளத்தில் எது ஓடுகிறது என்று பார்க்க நிரல் தெரிய வேண்டியதில்லை. நிர்வாகப் பக்கத்தில் டூல்ஸ், அதில் சைட் ஹெல்த், அதில் இன்ஃபோ, அதில் மீடியா ஹேண்ட்லிங். அங்கே ‘ஆக்டிவ் எடிட்டர்’ என்ற வரியில் இமேஜிக் என்று இருந்தால் நிம்மதி. ஜிடி என்று இருந்தால் ஹோஸ்டிங் நிறுவனத்திடம் இமேஜிக்கை இயக்கித் தரச் சொல்லுங்கள். சில இடங்களில் கண்ட்ரோல் பேனலில் நீங்களே இயக்கிக்கொள்ளலாம். இயக்கிய பிறகு பழைய நகல்கள் தானாக மாறாது, அவற்றைத் திரும்ப உருவாக்க வேண்டும். அதற்கென ப்ளகின்கள், அதாவது துணை நிரல்கள், உண்டு.

இன்னொரு பொறியும் இருக்கிறது. தளம் வேகமாகத் திறக்க வேண்டும் என்று படத்தைச் சுருக்கும் ப்ளகினைப் போடுவோம். அதில் ‘மெட்டாடேட்டாவை (படத்தோடு ஒட்டிய விவரங்களை) நீக்கு’ என்றொரு டிக் இருந்தால், அது ப்ரொஃபைலையும் சேர்த்து நீக்குகிறதா என்று பாருங்கள். இணையத்துக்கென எடை குறைத்த வெப்பி (WebP) வடிவத்துக்கு மாற்றும்போதும் இதே கதை. வெப்பியில் ப்ரொஃபைல் வைக்க இடம் இருக்கிறது. ஆனால் கூகுளின் சிவெப்பி கருவி, நாம் தனியாகச் சொன்னால் ஒழிய எந்த விவரத்தையும் புதிய கோப்புக்கு எடுத்துப் போகாது. ஜேபெக்கில் சரியாக இருந்த நிறம் வெப்பியில் போய்விட்டது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதை.

தளத்தை நிரல் எழுதிக் கட்டுபவர்கள் நோட்.ஜேஎஸ் சூழலில் ஷார்ப் என்ற நிரல் நூலகத்தைப் பயன்படுத்தினால் நிலைமை மேல். அது இயல்பாகவே எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றிவிட்டுத்தான் விவரங்களை நீக்குகிறது. புதிதாகத் தளம் கட்டப் போகிறவர்கள் டெவலப்பரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: “படத்தைச் சுருக்கும்போது எஸ்ஆர்ஜிபிக்கு மாத்துவீங்களா, இல்ல சும்மா ஸ்ட்ரிப் பண்ணுவீங்களா?” பதில் சொல்லத் தடுமாறினால், பணம் கொடுப்பதற்கு முன் கீழே சொல்லும் சோதனையை அவர் முன்னாலேயே செய்து பாருங்கள்.

மற்ற இடங்கள்

இன்ஸ்டாகிராமை நான் நம்புகிறேன். 2016 கடைசியிலேயே அகல நிறத்தை, அதாவது பி3-ஐ ஆதரிக்கத் தொடங்கிவிட்டார்கள். எதை எப்படிச் செய்தார்கள் என்று அவர்களது பொறியாளர்களே 2017 தொடக்கத்தில் விளக்கி எழுதினார்கள். அளவைக் குறைப்பதும் அழுத்திச் சுருக்குவதும் உண்டு, ஜரிகையின் நுணுக்கம் கொஞ்சம் போகும். ஆனால் ஐபோனில் எடுத்த குங்குமச் சிவப்பு செங்கல்லாக மாறும் ஆபத்து இங்கே குறைவு. புதுச் சரக்கைக் காட்டுவதற்கு இது போதும். புடவையின் ஒரே சாட்சியாக இதை வைத்துக்கொள்ள முடியாது.

ஃப்ளிக்கர் வேறு வகை. 2004-இல் தொடங்கி, யாஹூவிடம் இருந்து, 2018-இல் ஸ்மக்மக் கைக்கு வந்தது. இலவசக் கணக்கில் 1000 படங்கள்தான். கட்டணக் கணக்கில் அசல் கோப்பை, சீட்டோடு சேர்த்து, பத்திரமாக வைத்திருந்து திரும்பக் கொடுக்கிறது. அறுபத்து மூவர் விழா, காசிமேட்டுக் காலை என்று எடுத்துச் சேர்க்கிறவர்களுக்கு இதுதான் பொருத்தம். பார்க்கிறவர்களும் படம் எடுப்பவர்களாகவே இருப்பார்கள், நல்ல திரை வைத்திருப்பார்கள். ஆனால் புடவைக் கடைக்கு நான் சொல்ல மாட்டேன். புடவை வாங்க யாரும் ஃப்ளிக்கருக்குப் போவதில்லை.

ஸ்மக்மக்கில் இலவசம் கிடையாது. கல்யாணப் படங்களை வாடிக்கையாளருக்குக் காட்டி, அவர்கள் தேர்ந்தெடுத்துப் பிரிண்ட் கேட்கும் வழிக்கு ஏற்றது. எஸ்ஆர்ஜிபியிலேயே ஏற்றுங்கள் என்று அவர்கள் பல வருடங்களாகத் தங்கள் வாடிக்கையாளர்களிடம் வெளிப்படையாகச் சொல்லி வந்திருக்கிறார்கள். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது. கல்யாணம் எடுப்பவர்களுக்கு எஸ்ஆர்ஜிபியே நல்லது என்பதுதான் என் கருத்தும். மணமகளின் அத்தை பட்ஜெட் ஆண்ட்ராய்டில் பார்ப்பார், அண்ணன் ஐபோனில் பார்ப்பார், ஆல்பம் போடும் லேப் எஸ்ஆர்ஜிபி ஜேபெக் கேட்கும். மூன்று பேருக்கும் ஒரே முகநிறம் போய்ச் சேர வேண்டும்.

கூகுள் டிரைவ் படம் காட்டும் இடமே இல்லை, அது ஒரு பெட்டி. வைத்த கோப்பு வைத்தபடியே திரும்பக் கிடைக்கும். அச்சகத்துக்கும் ஆல்பம் வடிவமைப்பாளருக்கும் அனுப்ப இதைவிட எளிய வழி இல்லை. இலவச இடம் 15 ஜிபி, அதுவும் ஜிமெயிலோடு பகிர்ந்துகொள்வது. கூகுள் போட்டோஸில் ‘ஒரிஜினல் குவாலிட்டி’ தேர்ந்தெடுத்தால் கோப்பு தப்பிக்கும். ‘ஸ்டோரேஜ் சேவர்’ என்றால் 16 மெகாபிக்சலுக்கு மேல் உள்ளவற்றைச் சுருக்கி, மறுபடி அழுத்திவிடும்.

வாட்ஸ்அப்பைப் பற்றி ஒரு வரிதான். படமாக அனுப்பாமல் ‘டாக்குமெண்ட்’ என்று அனுப்புங்கள், கோப்பு தொடப்படாமல் போகும். வாடிக்கையாளர் நிறம் கேட்டு வந்தால் அண்ணி இப்போது அப்படித்தான் அனுப்புகிறார்.

சிஎம்ஒய்கே பற்றி எச்சரிக்கையாக ஒன்று சொல்லிவிடுகிறேன். திருவல்லிக்கேணி ஆஃப்செட் அச்சகத்துக்காகத் தயாரித்த கேட்லாக் படத்தை அப்படியே எடுத்துத் தளத்தில் போட்டுவிடும் பழக்கம் இருக்கிறது. அந்தப் படம் நான்கு மைகளுக்கான எண்களில் எழுதப்பட்டது. சில இடங்களில் ஏறவே ஏறாது, சில இடங்களில் நெகட்டிவ் மாதிரி நிறம் தலைகீழாகிவிடும். அச்சுக்குத் தனிக் கோப்பு, தளத்துக்குத் தனிக் கோப்பு. இதில் சமரசம் வேண்டாம்.

நீங்களே சோதித்துப் பார்க்கும் வழி

நான் எழுதியதை நம்பி முடிவெடுக்க வேண்டாம். தளங்கள் உள்ளே அடிக்கடி மாற்றங்கள் செய்துகொண்டே இருக்கும். ஒரு பளிச்சென்ற புடவைப் படத்தை, படம் திருத்தும் மென்பொருளான லைட்ரூமில் இரண்டு முறை எக்ஸ்போர்ட் செய்யுங்கள். ஒன்று எஸ்ஆர்ஜிபி, ஒன்று ப்ரோஃபோட்டோ. இரண்டையும் ஏற்றி, ஒரே பிரவுசரில், பக்கத்துப் பக்கத்தில் பாருங்கள். ஒன்றுபோல் இருந்தால் சரி. ப்ரோஃபோட்டோ படம் சாயம் போன மாதிரி, கொஞ்சம் பச்சை ஓடித் தெரிந்தால் அங்கே சீட்டைக் கிழிக்கிறார்கள். ப்ரோஃபோட்டோ அவ்வளவு அகலமானது என்பதால், சீட்டு போனால் குழந்தைகூடக் கண்டுபிடிக்கும். அதனால்தான் அடோபி ஆர்ஜிபிக்குப் பதில் இதைச் சொல்கிறேன்.

சின்னது, நடுத்தரம், பெரியது மூன்றையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். அண்ணியின் தளத்தைக் கட்டியவர்கள் பெரியதை மட்டும் பார்த்துவிட்டு ‘சரியாகத்தானே இருக்கிறது’ என்றார்கள். அப்புறம், தளம் காட்டும் படத்தைத் தரவிறக்கி உள்ளே என்ன ப்ரொஃபைல் இருக்கிறது என்று பாருங்கள். மேக்கில் ப்ரிவ்யூ காட்டிவிடும், விண்டோஸில் எக்ஸிஃப்டூல் இலவசமாகக் கிடைக்கிறது. சீட்டை வைத்துக்கொண்டார்களா, மாற்றி எழுதினார்களா என்பது அதில் தெரிந்துவிடும்.

சோதனை முடிந்ததும் ப்ரோஃபோட்டோ படத்தை மறக்காமல் நீக்கிவிடுங்கள்.

எதில் ஏற்றுவது, எதை ஏற்றுவது

வைத்துக்கொள்ளும் இடம், மாற்றி எழுதும் இடம் இரண்டில் எது மேல்? படம் எடுப்பவனாக எனக்கு முதலாவதில்தான் ஆசை. மயில்கழுத்தின் உச்ச நிறம் எஸ்ஆர்ஜிபிக்குள் அடங்காது. வெளியே நிற்கும் நிறங்களை எல்லாம் விளிம்பில் கொண்டுவந்து ஒட்டிவிடும் மாற்றம் அது. மடிப்பில் இருந்த மெல்லிய ஏற்ற இறக்கங்கள் தட்டையாகிவிடும். இந்த இழப்பு உண்மையானது.

ஆனால் கடைக்காரராக யோசித்தால் விடை வேறு. வாங்குபவர் என்ன வைத்திருக்கிறார் என்று நமக்குத் தெரியாது. ஆண்ட்ராய்டில் நிற மேலாண்மையே 2017-இல் வந்த 8.0 பதிப்பில்தான் நுழைந்தது. பிரவுசர்களும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. சஃபாரி ஆரம்பத்திலிருந்தே ப்ரொஃபைலை மதித்தது. ஃபயர்பாக்ஸ் 2009-இல் 3.5 பதிப்பில் சீட்டு உள்ள படங்களுக்கு மட்டும் அதை இயல்பாக இயக்கியது. சீட்டு இல்லாத படத்தை, அகலத் திரையில், முழு வீச்சில் கொட்டிக் காட்டும் பழக்கம் அதற்கு நீண்ட காலம் இருந்தது. அப்போது எஸ்ஆர்ஜிபி படம்கூட அளவுக்கு மீறிச் சிவந்து, முகமெல்லாம் ஆரஞ்சாகத் தெரியும். அதனால் எஸ்ஆர்ஜிபியில் ஏற்றினாலும் சீட்டை ஒட்டித்தான் ஏற்ற வேண்டும். ஃபோட்டோஷாப்பின் சேவ் ஃபார் வெப்பில் ‘கன்வர்ட் டு எஸ்ஆர்ஜிபி’, ‘எம்பெட் கலர் ப்ரொஃபைல்’ என்று இரண்டு டிக்குகள் உண்டு. இரண்டையும் போடுங்கள்.

அண்ணியின் கடைக்கு நாங்கள் எடுத்த முடிவு இதுதான். தளத்தில் ஏறுவதெல்லாம் சீட்டு ஒட்டிய எஸ்ஆர்ஜிபி. யாராவது நாளைக்கு அந்தச் சீட்டைக் கிழித்தாலும் சேதம் மிகச் சின்னது, ஏனென்றால் சீட்டு இல்லாத படத்தை உலகம் அனுமானிப்பதே எஸ்ஆர்ஜிபி என்றுதான். சர்வரில் இமேஜிக் இயக்கப்பட்டாயிற்று. அசல் ரா கோப்புகள் (கேமரா பதப்படுத்தாமல் பதிவு செய்தவை) என் வீட்டு ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, டிரைவில் ஒன்று. விற்பனைக்கு அல்லாமல், நெசவின் அழகுக்காக நான் எடுக்கும் படங்கள் மட்டும் அகல நிறத்தில் ஃப்ளிக்கருக்குப் போகின்றன.

மாற்றுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது, அதைச் செய்தால் இழப்பு பாதியாகிவிடும். லைட்ரூமில் சாஃப்ட் ப்ரூஃபிங்கை இயக்கி எஸ்ஆர்ஜிபியைத் தேர்ந்தெடுத்தால், எந்த நிறங்கள் வெளியே நிற்கின்றன என்று காட்டும். அந்த நிறத்தின் அடர்த்தியை மட்டும் கையால் கொஞ்சம் இறக்கினால், மடிப்பின் நுணுக்கம் தட்டையாகாமல் உள்ளே வந்துவிடும். ஒரு புடவைக்கு ஐந்து நிமிடம் பிடிக்கும். அரக்கு, மாம்பழ மஞ்சள் என்று பல புடவைகளுக்கு இது தேவையே படாது. மயில்கழுத்துக்கும் கிளிப்பச்சைக்கும் அவசியம் செய்யுங்கள்.

கேமராவில் ஜேபெக் எடுப்பவர்கள் நிற அமைப்பை எஸ்ஆர்ஜிபியில் வைத்துவிடுங்கள். ராவில் எடுப்பவர்களுக்கு அந்த மெனுவால் ஒன்றும் மாறாது. பழைய ஜேபெக் படம் எதில் எடுத்தது என்று தெரியாவிட்டால் கோப்பின் பெயரைப் பாருங்கள். பெயர் அடிக்கோட்டில் தொடங்கினால் அது பெரும்பாலும் அடோபி ஆர்ஜிபி. கேமராக்களின் கோப்பு விதியிலேயே இருக்கும் அடையாளம் இது. சில கேமராக்கள் முழுச் சீட்டை ஒட்டாமல் எக்ஸிஃப் என்ற, படம் எடுத்த விவரக் குறிப்பில் மட்டும் எழுதிவிடுவதால், சோதனைக் கருவியில் ப்ரொஃபைல் இல்லை என்று காட்டினாலும் ஏமாந்துவிடாதீர்கள்.

ஐபோனில் எடுத்து நேராகத் தளத்தில் ஏற்றுபவர்கள் இதெல்லாம் பெரிய கேமராக்காரர்கள் பாடு என்று நினைக்க வேண்டாம். உங்கள் படத்திலும் பி3 சீட்டு இருக்கிறது. சீட்டைக் கிழிக்கும் தளம் உங்கள் குங்குமச் சிவப்பையும் விடாது.

இத்தனையும் செய்த பிறகும் மயில்கழுத்து ஒன்று மட்டும் முழுசாக வசப்படவில்லை. அதற்குக் காரணம் எந்தத் தளமும் இல்லை. பாவில் ஒரு நிறம், ஊடையில் ஒரு நிறம் என்று நெய்த துணி அது. நின்று பார்த்தால் நீலம், நகர்ந்து பார்த்தால் பச்சை. அதனால் அந்தப் புடவைகளுக்கு மட்டும் அண்ணி ஒரு வழி வைத்திருக்கிறார். ஜன்னல் வெளிச்சத்தில் முந்தானையை மெல்ல ஆட்டி, பத்து விநாடி வீடியோ எடுத்து, பணம் கட்டுவதற்கு முன்பே வாடிக்கையாளருக்கு அனுப்பிவிடுகிறார். “ரெண்டு கலரும் தெரியுதாம்மா?” என்று போனில் கேட்டு, தெரிகிறது என்று அவர்கள் சொன்ன பிறகுதான் பார்சல் கட்டுகிறார்.